ஏதிலிகள் சமைத்த நகரம்

புசானைப் பற்றி எழுதப்படும் பயண வழிகாட்டிகள் எல்லாம் அந்த நகரத்தை நான்காகக் கூறு போடுகின்றன: எங்கே சாப்பிடுவது, எங்கே பொருள் வாங்குவது, எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது. சாப்பாட்டுப் பட்டியலில் பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாற்றில் சோறிட்டுத் தரும் தோய்ஜி குக்பாப் இருக்கும். குளிர்ந்த சாற்றில் கோதுமை நூடுல்ஸ் போட்ட மில்ம்யொன் இருக்கும். மீனை அரைத்துப் பொரித்த ஒமுக் இருக்கும். வாங்குவதற்கு குக்ஜே சந்தை, ஜகல்ச்சி மீன் சந்தை, போசு-தோங் பழைய புத்தகச் சந்து, செண்டம் சிட்டியின் மாபெரும் வணிக வளாகம். தங்குவதற்கு ஹேஉண்டே கடற்கரையின் உயர்ந்த ஓட்டல்கள், இல்லையென்றால் மலைச்சரிவில் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் சிறு விருந்தினர் இல்லங்கள். பார்ப்பதற்குக் கம்சொன் குடியிருப்பின் வண்ண வீடுகள், தூக்கித் திறக்கும் யொங்தோ பாலம், ஐ.நா. கல்லறைத் தோட்டம். 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும், தென்கொரியாவின் இரண்டாவது பெரிய நகரத்துக்கு முதன்முறை போகிறவருக்கு இப்படியொரு பட்டியல் தேவைதான். பட்டியல் இருக்கட்டும், அதன் நான்கு தலைப்புகளைத்தான் நான் மறுக்கிறேன். அவற்றில் வரும் பெயர்களில் பெரும்பாலானவை ஒரே நிகழ்ச்சியிலிருந்து பிறந்தவை. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் வடக்கிலிருந்தும் சியோலிலிருந்தும் ஓடிவந்து, சில மாதங்களில் ஊர் திரும்பிவிடலாம் என்று நம்பி இங்கே ஒதுங்கியவர்கள் எதைத் தின்றார்கள், எதை விற்றார்கள், எங்கே படுத்தார்கள் என்பதுதான் இன்று நான்கு தலைப்புகளில் சிதறிக் கிடக்கிறது. அவற்றைத் தனித்தனியே படிப்பவருக்குப் புசான் நான்கு விதமான பொழுதுபோக்குகளைத் தரும். சேர்த்துப் படிப்பவர், அங்கே தன் பணத்தையும் நேரத்தையும் யாரிடம், எப்படிச் செலவழிப்பது என்பதையே வேறுவிதமாக முடிவு செய்வார் என்று நினைக்கிறேன்.

1950 ஜூன் 25 அன்று போர் தொடங்கியது. மூன்றே நாளில் சியோல் விழுந்தது. அரசு தேஜொன், தேகு என்று பின்வாங்கி ஆகஸ்டில் புசானுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கோடையில் தென்கொரிய அரசின் கையில் எஞ்சியது நாட்டின் தென்கிழக்கு மூலை மட்டும். இலையுதிர் காலத்தில் மீட்கப்பட்ட சியோல் 1951 ஜனவரியில் மறுபடி பறிபோனபோது அரசு திரும்பவும் புசானுக்கே வந்தது. 1953 கோடையில் போர்நிறுத்தம் ஏற்படும்வரை இதுவே தலைநகரம். 1950 டிசம்பரில் வடகிழக்குத் துறைமுகமான ஹுங்நாமிலிருந்து படைகள் பின்வாங்கியபோது அவற்றோடு ஏறத்தாழ 1,00,000 பொதுமக்களும் கப்பலேறித் தெற்கே வந்தார்கள். அதற்கு முன்பே, ஜப்பானியப் பேரரசு வீழ்ந்த பிறகு, ஜப்பானில் இருந்த கொரியர்கள் லட்சக்கணக்கில் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் நாடு திரும்பினார்கள். போக இடமில்லாதவர்கள் இங்கேயே தங்கினார்கள். 1945-இல் 3 லட்சம்கூட இல்லாத மக்கள்தொகை 1955-இல் 10 லட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு பேரையும் தாங்க ஊரில் தட்டையான நிலம் இல்லை. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு பட்டை. அதைத் துறைமுகமும் ரயில் நிலையமும் கிடங்குகளும் ஏற்கெனவே நிரப்பியிருந்தன. வந்தவர்களுக்கு மிஞ்சியவை செங்குத்தான சரிவுகள், ஓடைக்கரைகள், மனிதர் வசிப்பதற்கென்று யாரும் நினைத்துப் பார்த்திராத இடங்கள்.

சாப்பாட்டிலிருந்து தொடங்கலாம். நெங்ம்யொன் என்ற குளிர் நூடுல்ஸ் வடக்கின் உணவு. பக்வீட் என்ற தானியத்தின் மாவிலோ, உருளைக்கிழங்கு மாவிலோ செய்வது. பியொங்யாங்கிலிருந்தும் ஹம்ஹுங்கிலிருந்தும் வந்தவர்களுக்குப் புசானில் அந்த மாவு எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்தது அமெரிக்க உதவியாக இறங்கிய கோதுமை மாவு. அதோடு கொஞ்சம் கிழங்கு மாவைச் சேர்த்துப் பிசைந்து, பழகிய முறையில் பிழிந்து, குளிர்ந்த எலும்புச் சாற்றில் போட்டார்கள். அதுதான் மில்ம்யொன். மாவு கப்பலில் வந்தது, பக்குவம் வடக்கிலிருந்து வந்தது, மேலே வைத்த மிளகாய் விழுது மட்டும் உள்ளூரின் பங்கு. தோய்ஜி குக்பாப்பின் கணக்கும் இதைப் போன்றதே. எலும்பு, தலை, குடல் என்று விலை குறைந்த பாகங்களைக் கொதிக்கவிட்டால் நிறைய பேருக்கு ஒரே பானையில் சாப்பாடு ஆகிவிடும்; சோறும் சாறும் இறைச்சியும் ஒரே கிண்ணத்தில் அடங்கிவிடும்; தொட்டுக்கொள்ளத் தனியாக எதுவும் இல்லாவிட்டாலும் வயிறு நிறையும். இன்றும் மேசையில் உப்பிட்டுப் புளிக்கவைத்த பொடி இறாலும், காரம் சேர்த்துப் பிசறிய பூண்டுத்தாளும் தனியாக வைக்கப்படுகின்றன. உப்பையும் காரத்தையும் சாப்பிடுபவரே தீர்மானித்துக்கொள்கிறார். கொம்ஜாங்கோ என்ற மீனின் கதை இன்னும் கூர்மையானது. விலாங்கைப் போல் நீண்டு வழுவழுக்கும் இந்தத் தாடையற்ற உயிர் ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் தோலுக்காகப் பிடிக்கப்பட்டது. தோல் பதனிடப் போனது; சதை வீசப்பட்டது. வீசியதைப் பசித்தவர்கள் எடுத்து நெருப்பில் வாட்டினார்கள். இன்று ஜகல்ச்சியின் கடற்கரை ஓரத்தில் அதே சதை மிளகாய் விழுதில் புரண்டு வெங்காயத்தோடு வதங்கி, ஏழைகளுக்குக் கட்டுபடியாகாத விலையில் தட்டுக்கு வருகிறது. ஒமுக்கை ஜப்பானியர்கள் கொண்டுவந்தார்கள். அவர்கள் போன பின் கொரியர் கைக்கு வந்த அந்தத் தொழிலுக்கு, மலிவான புரதம் தேடிய அகதிக் கூட்டமே சந்தையாக அமைந்தது. 1953-இல் யொங்தோ தீவில் தொடங்கிய சம்ஜின் ஒமுக் இன்று அடுமனைபோலப் பல வகைகளைப் பரப்பிவைத்து நகரெங்கும் கிளை விட்டிருக்கிறது.

உணவின் பிறப்புக் கதைகளை நம்பி வாதம் கட்டக்கூடாது என்று ஒருவர் சொல்லலாம். சரியான எச்சரிக்கை. சோற்றைச் சாற்றில் போட்டுத் தருவது கொரியா முழுவதும் போருக்கு மிக முந்தைய வழக்கம். பன்றிச் சாறும் இந்த வட்டாரத்தில் போருக்கு முன்பே உண்டு என்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கடையும் தன்னையே மூலக்கடை என்று எழுதி ஒட்டிக்கொள்வதால் குழப்பம் கூடுகிறது. ஆனால் முதல் கிண்ணத்தை யார் சமைத்தார் என்பது என் வாதத்துக்குத் தேவையில்லை. ஒரு பதார்த்தம் ஊரின் உணவாக மாறுவதற்கு அதைக் கண்டுபிடித்தவர் போதாது. தினமும் வெளியே வாங்கிச் சாப்பிடும் பெருங்கூட்டம் வேண்டும். மலிவான பொருள் இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். வீட்டில் அடுப்பு மூட்ட இடமில்லாத நெருக்கடி வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் கொடுத்தது போர். சுவைக்கு வரலாறு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நாக்குக்குத் தேவையில்லை, உண்மைதான். ஆனால் இந்த உணவுகள் இன்று வெறும் சுவையாக விற்கப்படுவதில்லை. 'மூன்று தலைமுறை', 'பழைய முறை' என்று கதையோடு சேர்த்தே விற்கப்படுகின்றன. விலையில் கதைக்கும் பங்கு இருக்கிறது என்றால், கதையை முழுதாகக் கேட்கும் உரிமை சாப்பிடுபவருக்கு உண்டு.

சந்தைகளுக்கு வந்தால் இதே தடம் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. குக்ஜே சந்தை இருக்கும் இடம், இரண்டாம் உலகப் போரின் முடிவில் வான்தாக்குதலுக்கு அஞ்சிக் கட்டடங்களை இடித்து வெறுமையாக்கிய மனை. 1945-க்குப் பின் ஊருக்குப் புறப்பட்ட ஜப்பானியர்கள் தூக்கிப்போக முடியாத சாமான்களை அங்கே விற்றார்கள்; திரும்பிவந்த கொரியர்கள் கொண்டுவந்ததை விற்றார்கள். போர் வந்ததும் அகதிகளும், ராணுவ முகாம்களிலிருந்து கசிந்த பொருள்களும் சேர்ந்துகொண்டன. பக்கத்திலுள்ள பூப்யொங் சந்தைக்கு 'கங்தோங்', அதாவது தகர டப்பா, என்ற பெயரே அமெரிக்க முகாம்களின் டப்பா உணவால் வந்தது. போசு-தோங்கில் வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பதி, முகாம்களில் படித்துப் போட்ட இதழ்களையும் பழைய புத்தகங்களையும் பெட்டிமேல் பரப்பி விற்றதிலிருந்து புத்தகச் சந்து உருவானது என்பார்கள். சியோலிலிருந்து இடம்பெயர்ந்த பள்ளிகளும் கல்லூரிகளும் அருகிலிருந்த மலைச்சரிவுகளில் கூடாரம் போட்டு நடந்தன. இந்தச் சந்து மாணவர்களின் நடைவழி. சாப்பாட்டுக்குப் பணமில்லாத பேராசிரியர் விற்ற புத்தகத்தை, அதே பாடத்தைப் படிக்கும் மாணவர் வாங்கும்படியான நெருக்கடியில் ஒரு புத்தகச் சந்தை பிறந்தது என்பதை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது. ஜகல்ச்சியைச் சுமந்தவர்கள் பெண்கள். கணவரைப் போரில் இழந்தவர்களும், வேலை கிடைக்காத கணவரோடு வந்தவர்களும் தலைச்சுமையாக மீன் விற்றுக் குடும்பங்களைக் காப்பாற்றினார்கள். 'ஜகல்ச்சி அஜிமே' என்று ஊர் இன்றும் மரியாதையோடு குறிப்பிடுவது அவர்களைத்தான். 2006-இல் பளபளப்பான புதுக் கட்டடம் வந்தது. அதன் வெளியே கடலை ஒட்டிய பாதையில் தாழ்ந்த பலகைகளில் மீன் அடுக்கும் பெண்களிடம்தான் இன்றும் இந்தச் சந்தையின் உயிர் இருக்கிறது என்பேன். கங்தோங் சந்தையில் 2013-இல் தொடங்கிய இரவுச் சந்தையில், கொரியர்களை மணந்து வந்த தென்கிழக்காசியப் பெண்களும் தங்கள் ஊர்ச் சமையலை விற்கத் தள்ளுவண்டி போட்டார்கள். புதிதாக வந்தவர் முதலில் அடுப்பைப் பற்றவைத்துப் பிழைக்கும் இந்த நகரத்தின் பழைய வழி இன்னும் மூடப்படவில்லை.

தங்குமிடங்கள் பற்றித்தான் வழிகாட்டிகள் மிகக் குறைவாக யோசிக்கின்றன. புசானில் தங்குவது என்பதற்குப் போர்க்காலத்தில் என்ன பொருள் இருந்தது என்பதை இரண்டு இடங்கள் சொல்லும். ஊஆம்-தோங்கில் ஜப்பானியர்கள் மாடுகளை ஏற்றுமதி செய்வதற்கு முன் நோய்ச் சோதனைக்காக அடைத்துவைக்கும் நீண்ட கொட்டில்களைக் கட்டியிருந்தார்கள். நாடு திரும்பியவர்களும் பின்னர் போர் அகதிகளும் அந்தக் கொட்டில்களைத் தடுப்பு வைத்துப் பிரித்து, மாடு நின்ற இடத்தில் குடும்பத்துக்கு ஓர் அறையாகக் குடியேறினார்கள். மாடுகளுக்குக் காற்று வர வைத்த கூரைத் திறப்புகள்தான் அவர்களுக்கும் காற்றைத் தந்தன. அமி-தோங் சரிவில் இருந்தது ஜப்பானியர்களின் இடுகாடு. 1945-இல் உறவினர்கள் அவசரமாக நாடு திரும்பியதால் கல்லறைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. ஏறிவந்த அகதிகள் கல்லறை மேடைகளையே அடித்தளமாக்கி வீடு கட்டினார்கள். பெயர் பொறித்த கற்களைச் சுவருக்கும் படிக்கட்டுக்கும் பயன்படுத்தினார்கள். இன்றும் சந்துகளில் நடந்தால் சுவரின் அடியில் அந்த எழுத்துகளைப் படிக்கலாம். இறந்தவரை அவமதித்த செயல் என்று இதைச் சொல்வது எளிது. ஆனால் அங்கே குடியேறியவர்களில் பலர் பண்டிகை நாள்களில், தாங்கள் அறியாத அந்த அந்நிய முன்னோர்களுக்கும் படையல் வைத்திருக்கிறார்கள். காலனியாதிக்கத்தால் பாதிக்கப்பட்டவர், ஆதிக்கம் செய்தவரின் கல்லறைமேல் படுத்துறங்கி, அவருக்கே நீரும் சோறும் வைத்த இந்த உறவை விளக்கப் பழிவாங்கல், மன்னிப்பு என்ற சொற்கள் எனக்குப் போதவில்லை. வாழும் தேவையும் இறந்தவர்மேல் அச்சமும் சேர்ந்து உண்டாக்கிய ஓர் அறம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மலைச்சரிவுக் குடியிருப்புகளில் வீட்டுக்குள் குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது. சோரியாங் பகுதியின் 168 படிகளில் ஏறியிறங்கித்தான் தண்ணீர் சுமந்தார்கள். கீழே துறைமுகத்தில் கப்பல் வந்தது தெரிந்தால், கூலி வேலை பிடிக்க அதே படிகளில் ஓடி இறங்கினார்கள். பொதுக் கழிப்பறை, பொதுக் குளியலகம் என்று வாழ்க்கையின் பாதி வீட்டுக்கு வெளியே நடந்தது. இன்று அந்தச் சரிவுகளில் தங்கும் பயணிக்கு முதன்மையாக விற்கப்படுவது துறைமுகக் காட்சி. அந்தக் காட்சியை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. கீழே நிலம் வாங்க முடியாதவர்களுக்கு உயரம் தண்டனையாக வந்தது. நகரத்தின் மறுகோடியில், ஹேஉண்டேயில், 411 மீட்டர் உயரமும் 101 மாடிகளும் கொண்ட கோபுரம் நிற்கிறது. அங்கே உயர உயர விலை கூடுகிறது. ஒரே கடல், ஒரே உயரம். ஓரிடத்தில் வறுமையின் அளவு, மற்றோரிடத்தில் செல்வத்தின் அளவு. எந்த விடுதியைத் தேர்ந்தெடுப்பது என்பது பயணியின் பையைப் பொறுத்தது, அதில் ஒழுக்கத் தீர்ப்பு எதையும் நான் ஏற்றவில்லை. தான் எதற்காகப் பணம் தருகிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பார்க்கும் இடங்களில் இந்த வாதம் மிகக் கடினமான எதிர்ப்பைச் சந்திக்கிறது. கம்சொன் அதற்கு உதாரணம். 1950-களின் நடுவில் தேகுக்தோ என்ற கொரியச் சமயப் பிரிவினர், நெரிசலான போசு-தோங்கிலிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்குக் கூட்டமாக மாற்றப்பட்டார்கள். ஆகவே போர் அகதிகள் மட்டுமே கட்டிய ஊர் என்று எழுதிவைப்பது முழு உண்மையாகாது. வீடுகளைப் படிப்படியாக, முன்வீடு பின்வீட்டின் வெளிச்சத்தை மறைக்காதபடி அமைத்தார்கள். சந்துகள் எல்லாம் எங்காவது ஒன்றில் போய்ச் சேரும். அரை நூற்றாண்டு கழித்து, இளைஞர்கள் வெளியேறி வீடுகள் காலியாகத் தொடங்கிய நேரத்தில், 2009-இல் அரசின் கலைத் திட்டம் ஒன்று வந்தது. சுவர்கள் நிறம் பூண்டன, சிற்பங்கள் வைக்கப்பட்டன. நகரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் குட்டி இளவரசன் சிலையோடு படமெடுக்க இன்று வரிசை நிற்கிறது. கொரோனாவுக்கு முன்பே ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். வறுமையைக் காட்சிப்பொருளாக்குவது இது, நீங்கள் சொல்லும் வரலாற்று உணர்வு அந்தக் காட்சிக்கு இன்னொரு பூச்சு மட்டும் என்று கேட்டால் என்ன பதில்? இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. துணி காயப்போடும் முற்றத்தை அந்நியர் படமெடுப்பதும், சன்னலுக்கு வெளியே நாள் முழுவதும் பேச்சுக்குரல் கேட்பதும் உண்மையான துன்பம். அமைதி காக்கும்படி வேண்டும் பலகைகளை அந்தச் சந்துகளில் காணலாம். சியோலின் புக்சோன் பகுதியில் இதே சிக்கல் முற்றி, மாலை 5 மணி முதல் மறுநாள் காலை 10 மணி வரை சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது என்றும், மீறினால் 1,00,000 வொன் அபராதம் என்றும் விதி வந்தது.

ஆனால் வரலாறு தெரிந்த பார்வையும் தெரியாத பார்வையும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை என்பதுதான் என் பதில். கம்சொன்னை வண்ணமாக மட்டும் பார்ப்பவருக்கு அந்த வீடுகளில் ஆள் இருப்பது இடைஞ்சல். காலியாக இருந்தால் படம் இன்னும் நன்றாக வரும். ஒருவர் வெளிச்சத்தை ஒருவர் மறைக்காமல் கட்டிய ஏற்பாடு என்று பார்ப்பவருக்கு, அந்த ஏற்பாட்டில் இன்றும் வாழ்பவர்தான் காட்சியின் பொருள். அவருடைய வாசலை மறிப்பது தவறு என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்சொன்னில் இன்னொன்றும் நடந்தது. குடியிருப்பவர்களின் அமைப்பே சில கடைகளையும் விருந்தினர் இல்லத்தையும் நடத்தத் தொடங்கியது. கைவிடப்பட்ட பொதுக் குளியலகம் ஊர்க்கூடமானது. அங்கே வாங்கும் ஒரு கோப்பைக் காப்பியின் பணம் போகிற இடமும், வெளியார் முதலீட்டில் வந்த கடையில் வாங்கும் காப்பியின் பணம் போகிற இடமும் வேறு. வழிகாட்டிகள் இந்த வேறுபாட்டைக் குறித்தால் நட்சத்திர மதிப்பெண்களைவிடப் பயனுள்ளதாக இருக்கும். குக்ஜே சந்தையின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 2014-இல் வெளியான திரைப்படத்தை ஒரு கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அதில் காட்டப்பட்ட கடையின் முன் கூட்டம் கூட்டமாக நின்று படமெடுத்தார்கள். கூட்டம் படமெடுப்பதை வைத்துக் கடைக்காரரால் வாடகை கட்ட முடியாது.

புசான் போரில் பிறந்ததல்லவே, அதைவிட மிகப் பழையதாயிற்றே என்ற மறுப்பும் வரும். பொமொசா என்ற பௌத்த மடாலயம் 678-இல் நிறுவப்பட்டதாகச் சொல்வது மரபு. தொங்னே கோட்டையும் அதன் வெந்நீர் ஊற்றுகளும் துறைமுகத்துக்கு முந்தியவை. 1876 ஒப்பந்தத்தால் ஜப்பானியர்களுக்குத் திறந்துவிடப்பட்டபோதுதான் நவீனத் துறைமுகம் தொடங்குகிறது. இதை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. பொமொசாவின் கல்தூண் வாயிலைப் பார்க்கப் போகிறவர் போரை மறந்துவிட்டே போகலாம். பட்டியல்களில் அதிகம் இடம்பெறும் உணவும் சந்தையும் குடியிருப்பும் எந்த அடுக்கைச் சேர்ந்தவை என்பதே என் கேள்வி. புதிய புசான்கூட நினைப்பதைவிடப் பழைய தொடர்புடையது. உலகின் மிகப் பெரிய பல்பொருள் வணிக வளாகம் என்று 2009-இல் கின்னஸ் பதிவுபெற்ற ஷின்செகேயும், 2011-இல் திறந்த, 85 மீட்டர் நீளத்துக்குத் தூணின்றி நீளும் கூரையுடைய சினிமா மையமும் நிற்பது பழைய சுயொங் விமானத்தளத்தின் மேல். போரின்போது அது ஐ.நா. படைகளின் ஓடுதளம். நகர நடுவே 2014-இல் திறந்த குடிமக்கள் பூங்கா, ஜப்பானியர் காலத்தில் குதிரைப் பந்தயத் திடலாகவும் பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்க முகாமாகவும் இருந்த நிலம். தேயொன்-தோங்கில் இருக்கும், உலகிலேயே ஒரே ஐ.நா. கல்லறைத் தோட்டத்தில் 2,300-க்கும் மேற்பட்ட வீரர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். நமக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியா போரிடும் படையை அனுப்பவில்லை. தமிழரான லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. 1950 நவம்பரில் அவர்கள் இறங்கியது புசானில்தான். அகதிகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்த அந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் துப்பாக்கியோடு வரவில்லை என்பது நினைவில் இருக்கட்டும்.

பழைய குடியிருப்புகளை ஏக்கத்தோடு பேசுவது, அங்கே வசிப்பவர்களை அந்த வறுமையிலேயே வைத்திருக்கும் ஆசை என்ற குற்றச்சாட்டுதான் எனக்கு மிகக் கனமாகத் தோன்றுவது. 2021-இல் புசான், 65 வயதைக் கடந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமான முதல் கொரியப் பெருநகரமானது. 1990-களின் நடுவில் 38 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை அதன் பின் குறைந்துகொண்டே வருகிறது. சரிவுகளில் எஞ்சியிருப்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். முழங்கால் வலியோடு 168 படிகளை ஏற வேண்டியவர்கள். மின்தூக்கி வைத்த அடுக்ககம் கிடைத்தால் அவர்கள் போகட்டும். அதைத் தடுக்கும் பாரம்பரியப் பற்று கொடுமையானது. ஆனால் மறுகட்டுமானத்தில் இடிபடும் வீட்டின் உரிமையாளருக்குக் கிடைப்பதும், அதே வீட்டில் வாடகைக்கு இருந்த முதியவருக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. புது அடுக்ககத்தின் விலைக்கு அவர் எட்ட முடியாது. அவரைப் பொறுத்தவரை இடிப்பு என்பது இன்னொரு இடப்பெயர்வு. சுற்றுலாவால் வரும் வருமானம் இவர்களை அதே இடத்தில், நல்ல கூரையோடும் ஏறுவதற்கு எளிய வழியோடும் இருக்கச் செய்தால் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. இவர்களை வெளியேற்றிவிட்டுச் சுவர்களுக்கு மட்டும் வண்ணம் பூசினால் அதை ஆதரிக்க என்னால் முடியாது.

2023-இல் 'போர்க்காலத் தலைநகர் புசானின் இடங்கள்' என்ற பெயரில் 9 இடங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. குடியரசுத் தலைவர் தங்கிய இல்லம், தற்காலிக அரசு இயங்கிய கட்டடம், வானிலை ஆய்வு நிலையம், அமெரிக்கத் தூதரகம் இருந்த கட்டடம், துறைமுகத்தின் முதல் தளம், ராணுவ முகாம், கல்லறைத் தோட்டம், இவற்றோடு அமி-தோங் கல்லறைக் குடியிருப்பும் ஊஆம்-தோங் மாட்டுக்கொட்டில்களும். சாதாரண மக்கள் படுத்துறங்கிய இரண்டு இடங்களைச் சேர்த்தது பெரிய காரியம். அதற்காக அந்த நகரத்தைப் பாராட்ட வேண்டும். ஆனால் அவர்கள் உண்ட இடமும் விற்ற இடமும் இதில் இல்லை. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் சொல்லலாம்: யுனெஸ்கோ கேட்பது அன்றைய கல்லும் மரமும், குக்ஜே சந்தை தீயில் எரிந்து திரும்பக் கட்டப்பட்டது, குக்பாப் கடைகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. காரணம் செல்லும், விளைவு மட்டும் வழிகாட்டிகள் செய்வதைப் போலவே இருக்கிறது. பாரம்பரியப் பட்டியலில் அடுப்பு இல்லை, சாப்பாட்டுப் பட்டியலில் மாட்டுக்கொட்டில் இல்லை. ஊஆம்-தோங்கில் இரண்டும் சில நிமிட நடைக்குள் இருக்கின்றன. ஹுங்நாமிலிருந்து வந்த குடும்பம் தொடங்கிய, மில்ம்யொன்னின் பிறப்பிடமாகச் சொல்லப்படும் கடை அந்தக் கொட்டில் குடியிருப்பிலேயே இன்னும் நூடுல்ஸ் பிழிகிறது. கொட்டிலுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. சுற்றிலும் அடுக்ககங்கள் எழும்போது அந்தக் கடைக்கும், அங்கே வாடகைக்கு இருக்கும் முதியவர்களுக்கும் எந்தச் சட்டம் என்ன செய்யப்போகிறது என்பதை நகர நிர்வாகம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.